ஜோக்கரை பேட்மேன் அன்றைக்கே முடித்திருக்க வேண்டுமா?

#1 கோட்டோவியன்

வணக்கம் நண்பர்களே. டெக்ஸ் வில்லர் கௌபாய் காமிக்ஸ் இழையில் "டெக்ஸ் சுட்டுத் தள்ளுகிறார், பேட்மேன் மட்டும் ஏன் கொல்லமாட்டேன் என்று விரதம் இருக்கிறார்?" என்று கிளம்பிய பேச்சு நீண்டுகொண்டே போகிறது. அந்த இழை திசைமாற வேண்டாம் என்று தனியாகத் தொடங்குகிறேன்.

டெக்ஸ் ஒரு ரேஞ்சர். சட்டையில் பேட்ஜ் இருக்கிறது, எதிரே நிற்பவன் கையிலும் துப்பாக்கி இருக்கிறது. அதனால் அவரை விட்டுவிடுவோம். "சூப்பர் ஹீரோ கொல்லலாமா" என்று பொத்தாம்பொதுவாகப் பேசினாலும் ஊர் போய்ச் சேராது. பேட்மேன், அவருடைய பரம எதிரி ஜோக்கர் இருவரையும் வைத்தே பேசலாம்.

கொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் "அவனைக் கொன்றால் நானும் அவனைப் போல் ஆகிவிடுவேன்" என்று கதைகளில் வரும் வசனம் எனக்கு ஒருநாளும் ஒப்பியதில்லை. அதில் பேட்மேன் தன் மனசைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்ல முடியுமா?

எனக்குப் படும் காரணம் வேறு. சண்டை நடக்கும்போது ஒருவன் சாவது ஒன்று. சண்டை முடிந்து, கையில் விலங்கு மாட்டியபிறகு அவனைக் கொல்வது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெயர் தண்டனை. தண்டனை கொடுக்கும் வேலையை முகமூடி போட்டவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. எதிர்க்கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

#2 தீப்பொறி

அண்ணா, ஒரே கேள்வி. கொல்ல அதிகாரம் இல்லேன்னா, ராத்திரி மொட்டைமாடியில தொங்கவிட்டு எலும்ப முறிக்கறதுக்கு மட்டும் யாரு அதிகாரம் குடுத்தா? அடிக்கலாம், உதைக்கலாம், பயமுறுத்தி உண்மைய வரவழைக்கலாம், இதெல்லாம் சட்டப்படியா? எல்லாக் கோட்டையும் தாண்டிட்டு கடைசிக் கோட்டுல வந்து நின்னுக்கிட்டு "எனக்கு அதிகாரம் இல்ல"ன்னா எப்படி ஏத்துக்கறது?

கமிஷனர் கார்டனோட மக பார்பரா கார்டன சுட்டு சக்கர நாற்காலியில உக்கார வச்சான். பேட்மேன் வளத்த பையன், ரெண்டாவது ராபின் ஜேசன் டாட்ட இரும்புத் தடியால அடிச்சு, குண்டு வச்சுக் கொன்னான். ரெண்டும் 1988-ல வந்த கதைங்க. அதுக்கப்புறமும் அவனப் பிடிச்சு கோதம் நகரத்து மனநோய் காப்பகமான ஆர்க்கம்ல போடறாங்க, அவன் வெளிய வர்றான், இன்னும் பத்துப் பேர் சாகறாங்க. அந்தப் பத்துப் பேர் கணக்க யாரு பேர்ல எழுதறது?

#3 பழையபுத்தகக்கடை

தம்பி தீப்பொறி, கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பிறகு உங்கள் சண்டையைத் தொடருங்கள்.

பேட்மேன் பிறக்கும்போது இந்த விரதம் இல்லை. 1939 மே மாதம், டிடெக்டிவ் காமிக்ஸ் 27-வது இதழ். முதல் கதையிலேயே பேட்மேன் விட்ட குத்தில் வில்லன் கைப்பிடிக் கம்பியை உடைத்துக்கொண்டு அமிலத் தொட்டியில் விழுகிறான். இந்த வகையறாவுக்கு ஏற்ற முடிவுதான் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். முகத்தில் வருத்தம் துளியும் கிடையாது.

1940 வசந்தகாலத்தில் பேட்மேன் பெயரிலேயே தனி இதழ் வந்தது. முதல் இதழில் ஹ்யூகோ ஸ்ட்ரேஞ்ச் என்கிற விஞ்ஞானி மனிதர்களை ராட்சதர்களாக மாற்றுகிறான். பேட்மேன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் லாரியைச் சுடுகிறார். மனித உயிரை எடுக்கப் பிடிக்காது, ஆனால் இந்தத் தடவை வேறு வழியில்லை என்கிறார். ஒரு ராட்சதனைக் கழுத்தில் சுருக்குப் போட்டு வானத்தில் தொங்கவிட்டே கொண்டுபோகிறார். அந்தப் பக்கங்களைப் பார்த்த எடிட்டர் விட்னி எல்ஸ்வொர்த், இனிமேல் பேட்மேன் கொல்லவும் கூடாது, துப்பாக்கி தூக்கவும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் பேட்மேனுக்குத் துணையாக முதல் ராபின் என்ற சிறுவன் கதைக்குள் வந்திருந்தான். படிப்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள்.

இன்னொரு சங்கதி. ஜோக்கர் அறிமுகமானதும் அதே முதல் இதழில்தான். அந்த இதழின் கடைசிக் கதையில் தன் கத்தியே தன் நெஞ்சில் பாய்ந்து சாவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். இவ்வளவு நல்ல வில்லனை வீணாக்கலாமா என்று எல்ஸ்வொர்த் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். ஆம்புலன்ஸுக்குள் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இவன் பிழைத்துக்கொள்வான் என்கிறார். ஜோக்கரைக் காப்பாற்றிய முதல் ஆள் பேட்மேன் கிடையாது, எடிட்டர்.

#4 தீப்பொறி

பாத்தீங்களா! அப்போ இது கொள்கையே இல்ல. வியாபாரம்.

#5 மழைத்துளி

தீப்பொறி, எதற்காகத் தொடங்கியது என்பதை வைத்து ஒரு வழக்கத்தின் மதிப்பைத் தீர்மானிக்க முடியாது. எடிட்டர் விற்பனைக்காகச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த கதாசிரியர்கள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று என்ன எழுதினார்கள் என்று பாருங்கள்.

எனக்கு இந்த விவாதத்தில் முக்கியமான ஆள் பேட்மேன்கூட இல்லை, கோதம் போலீஸ் கமிஷனர் கார்டன். 1999-ல் ஓடிய நோ மேன்ஸ் லேண்ட் தொடரின் முடிவில், கடத்திய குழந்தைகளோடு ஜோக்கர் இருக்கிறான். கார்டனின் மனைவி சாரா துப்பாக்கியோடு எதிரே நிற்கிறாள். அவன் ஒரு குழந்தையைத் தூக்கி அவள் பக்கம் வீசுகிறான். துப்பாக்கியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் குழந்தையைப் பிடிக்கிறாள். அந்த நேரத்தில் அவளைச் சுட்டுவிடுகிறான்.

பிறகு அவன் சரணடைகிறான். கார்டன் துப்பாக்கியை நீட்டுகிறார். மகளை முடமாக்கியவன், மனைவியைக் கொன்றவன், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். கார்டன் அவன் முழங்காலில் சுடுகிறார். நெஞ்சில் சுடவில்லை. இனி நடக்கவே முடியாதோ என்று கத்தும் ஜோக்கருக்கு, அவர் மகளின் நிலைமை சட்டென்று உறைக்கிறது. நல்ல ஜோக் என்று சிரிக்க ஆரம்பிக்கிறான்.

அந்தப் பக்கத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். கார்டன் செய்தது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன், சரணடைந்தவன் காலில் சுடுவதும் குற்றம்தான். ஆனால் அவ்வளவு இழந்த மனிதர் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஜோக்கர் செத்திருந்தால் அந்தக் காட்சிக்கு இந்தக் கனம் வந்திருக்காது.

#6 வழக்காடி

கிரிமினல் பக்கம் ஆஜராகிறவன் என்பதால் சட்டக் கோணத்தில் கொஞ்சம் சொல்கிறேன்.

கோட்டோவியன் போட்ட கோடு சட்டத்திலும் இருக்கிறது. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 38, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐபிசி) 100. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தடுக்கும்போது தாக்குகிறவன் உயிரே போனாலும் குற்றமில்லை. தன்னைக் காக்க மட்டுமில்லை, பிறரைக் காக்கவும் இந்த உரிமை உண்டு. ஆனால் பிரிவு 40 என்ன சொல்கிறது? அந்த அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும். விலங்கு மாட்டியபிறகு கொன்றால் அது கொலை. அமெரிக்காவில் பிரிவு எண்கள் வேறு, அடிப்படை இதேதான். ஆக, குழந்தை மேல் துப்பாக்கி வைத்திருக்கும் ஜோக்கரைத் தடுக்கும்போது அவன் செத்தால் பேட்மேனைச் சட்டம் தண்டிக்காது. ஆர்க்கம் வேனில் ஏற்றும்போது கொன்றால் தண்டிக்கும்.

இரண்டாவது, தீப்பொறியின் "மொட்டைமாடி" கேள்வி. அது சரியான கேள்வி. மிரட்டி வாங்கிய வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. பேட்மேன் செய்வதில் பாதி சட்டவிரோதம். ஆனால் உடைந்த எலும்பு கூடும். தவறாக அடித்துவிட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம், வழக்குப் போடலாம். கொன்றுவிட்டால் திருத்த வழியே இல்லை. ஒரு தவறு செய்கிறவர் எல்லாத் தவறையும் செய்யலாம் என்று அதிலிருந்து கிடைக்காது.

மூன்றாவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுவது. ஜோக்கரை ஒவ்வொரு முறையும் மனநலம் சரியில்லாதவன் என்று ஆர்க்கத்துக்கு அனுப்புகிறார்கள். 1843-ல் இங்கிலாந்தில் நடந்த மெக்நாட்டன் வழக்கிலிருந்து வந்த அளவுகோல் இதுதான்: செய்யும் காரியம் இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தானா? ஜோக்கர் மாதக்கணக்கில் திட்டமிடுகிறான், ஒளிகிறான், தப்பிக்க வண்டி ஏற்பாடு செய்கிறான். தவறென்று தெரிந்து, தெரிந்ததாலேயே ரசித்துச் செய்கிறான். என் அனுபவத்தில் எந்த செஷன்ஸ் நீதிபதியும் இவனுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கமாட்டார். கோபப்பட வேண்டிய இடம் கோதம் நீதிமன்றமும் ஆர்க்கம் நிர்வாகமும். எல்லோரும் அதை விட்டுவிட்டுப் பேட்மேனிடம் போய் "ஏன் கொல்லவில்லை" என்று கேட்கிறார்கள்.

#7 தீப்பொறி

வழக்காடி சார், மரியாதையோட சொல்றேன். கோர்ட்டு சரியா இருந்தா பேட்மேனே தேவையில்லயே. கோர்ட்டும் போலீஸும் தோத்துப்போன ஊருன்னுதான அவரு முகமூடி போட்டாரு? போலீஸ் செய்யாதத செய்ய வந்தவரு, கோர்ட்டு செய்யாதத மட்டும் செய்யமாட்டேன்னு சொன்னா என்ன அர்த்தம்?

ரெட் ஹூட் கதைய எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஜட் வினிக் எழுதினது, 2010-ல அனிமேஷன் படமாவும் வந்துச்சு. செத்த ஜேசன் ரெட் ஹூட்ங்கற பேர்ல திரும்பி வந்து நிக்கறான். ஜோக்கரப் பிடிச்சு வச்சிக்கிட்டு பேட்மேன்கிட்ட கேக்கறான். பெங்குவின கொல்லச் சொல்லல, ஸ்கேர்க்ரோவ கொல்லச் சொல்லல. இவன் ஒருத்தன மட்டும். என்ன உங்ககிட்டயிருந்து பறிச்சான்கற காரணத்துக்காக. நீங்க செத்து நான் உயிரோட இருந்திருந்தா நான் இவன விட்டிருக்கவே மாட்டேன்னு சொல்றான். அதுக்கு பேட்மேன் என்ன சொல்றாரு? கொல்றது ரொம்ப சுலபம், ஒருதடவ அந்தப் பள்ளத்துல இறங்கிட்டா மேல வரமுடியாதுன்னு.

ஒரு பிள்ளை அப்பாகிட்ட "எனக்காக ஏன் கோவப்படல"ன்னு கேக்கறான். அப்பா தன்னப் பத்தியே பேசறாரு. கோட்டோவியன் அண்ணா முதல் பதிவுல சொன்ன அதே குறைதான். எனக்கு அந்த எடத்துல கண்ணு கலங்கிடும். சட்டம் பேசறவங்க ஜேசனுக்குப் பதில் சொல்லுங்க.

#8 மழைத்துளி

ஜேசன் கேட்டது நியாயமான கேள்வி. அதை மறுக்கவே முடியாது.

ஆனால் அவனைக் கொன்றது ஜோக்கர் மட்டும்தானா? பேட்மேன் 427-வது இதழ் முடிவில் குண்டு வெடிக்கிறது, ராபின் பிழைக்கலாமா சாகலாமா என்று வாசகர்களிடமே கேட்டார்கள். இரண்டு தொலைபேசி எண்கள், ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஒரு பையன் செத்தான். அவன் முரட்டுப்பிள்ளை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். யார் சாக வேண்டும் என்று கூட்டத்திடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

நம் ஊர்ப்பக்கமும் இது வெறும் காமிக்ஸ் பேச்சு இல்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்து கொன்றதாகக் கைதான நாலு பேரைப் போலீஸ் என்கவுன்டரில் சுட்டபோது, போலீஸ்காரர்கள் மேல் பூத்தூவினார்கள். நான் வேலை பார்க்கும் இடத்திலும் இனிப்பு கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் கொதிக்கத்தான் செய்யும், எனக்கும் கொதித்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. சாகடிக்கும் நோக்கத்தோடேயே சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. அந்த நாலு பேரும் குற்றவாளிகளா இல்லையா என்று இனி எந்தக் கோர்ட்டும் விசாரித்துச் சொல்ல முடியாது.

#9 தீப்பொறி

அக்கா, என்கவுன்டரையும் ஜோக்கரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அங்க யாரு செஞ்சாங்கன்னு சந்தேகம் வரலாம். இங்க சந்தேகமே இல்லயே? பக்கத்துக்குப் பக்கம் நாம கண்ணால பாக்கறோம் அவன் செய்யறத.

#10 கோட்டோவியன்

தீப்பொறி, நீங்கள் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். *நாம்* பார்க்கிறோம். கதைக்குள் இருப்பவர்கள் பார்ப்பதில்லை.

1996-ல் டெவில்ஸ் அட்வகேட் என்று ஒரு கதை வந்தது. சக் டிக்சன் எழுத்து, கிரஹாம் நோலன் ஓவியம். கோதமில் தபால்தலைகளில் விஷம் தடவப்பட்டிருக்கிறது. நாக்கில் நனைத்து ஒட்டியவர்கள் ஜோக்கரின் அந்தச் சிரிப்போடு சாகிறார்கள். விஷமும் அவனுடைய விஷம்தான். வேறு யார் செய்திருப்பார்கள்? இந்தமுறை கோர்ட் மரண தண்டனையே கொடுத்துவிடுகிறது. ஊரே நிம்மதியாகிறது. பேட்மேன் ஒருவருக்குத்தான் எங்கோ உதைக்கிறது. தேடிப் போகிறார். அந்தக் கொலைகளை ஜோக்கர் செய்யவில்லை. மின்சார நாற்காலி காத்திருக்கும்போது உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடித்து ஜோக்கரின் உயிரைக் காப்பாற்றுகிறார். உண்மையில் எத்தனையோ கொலை செய்தவனை, செய்யாத கொலைக்குச் சாகவிடவில்லை. சாகவிட்டிருந்தால் தபால்தலையில் விஷம் வைத்தவன் வெளியே இருந்திருப்பான்.

இன்னொன்று, மார்வெல் பக்கம். 1973-ல் கிரீன் காப்ளின் என்ற வில்லன் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொல்கிறான். அடுத்த இதழில் ஸ்பைடர்மேன் அவனை அடித்து நொறுக்கிக்கொண்டே வந்து, கொல்லப் போகிற இடத்தில் நிறுத்திக்கொள்கிறார். காப்ளின் தன் பறக்கும் வண்டியே பாய்ந்து சாகிறான். ஆனால் ஊர் நம்பியது என்ன? காப்ளினாக இருந்த நார்மன் ஆஸ்பர்னைக் கொன்றவன் ஸ்பைடர்மேன். சில மாதங்கள் கழித்து, 1974 பிப்ரவரி தேதியிட்ட 129-வது இதழில் பனிஷர் அறிமுகமாகிறான். குற்றவாளிகளைக் கொல்வதே தொழிலாகக் கொண்டவன். அவன் முதன்முதலில் குறிவைத்து வருவது யாரை? அதே ஸ்பைடர்மேனை, செய்யாத கொலைக்காக. ஜேக்கல் என்ற வில்லன் சொன்னதை நம்பி வந்தான்.

கொல்லும் ஹீரோவின் அறிமுகக் கதையிலேயே அவன் குறி தப்பான ஆள் மேல் இருந்தது. ஜெர்ரி கான்வே அதை எழுதியவர், தன் பாத்திரத்தை நாயகனாக நினைத்து எழுதவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. பனிஷரின் மண்டையோட்டுச் சின்னத்தைப் போலீஸ்காரர்கள் வண்டியில் ஒட்டிக்கொண்டபோது அவர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

ஜேசனுக்குப் பதில் கேட்டீர்கள். "உன் கோபம் சரி. உன்னைக் காப்பாற்ற முடியாமல் போனது என் தோல்வி. ஆனால் இவனை நான் கொன்றால் நாளை யாரைக் கொல்லலாம் என்பதையும் நானே முடிவு செய்கிறவனாகிவிடுவேன், என்னைத் தட்டிக்கேட்க இந்த ஊரில் ஆளில்லை." பேட்மேன் இதைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். கதாசிரியர் அவர் வாயில் வைத்த வசனம் பலவீனமானது, அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

#11 சுவடி

எல்லோரும் பேட்மேனிலேயே நிற்கிறீர்கள். கொல்லவே கொல்லாதவர் என்று பெயரெடுத்த சூப்பர்மேன் மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார், தெரியுமா? அதுவும் அதே 1988-ல். சூப்பர்மேன் 22-வது இதழ், ஜான் பைர்ன்.

வேறொரு பிரபஞ்சத்தில் இன்னொரு பூமி. சூப்பர்மேன் பிறந்த கிரகமான கிரிப்டானிலிருந்து வந்த சோட் உள்ளிட்ட மூவர் அங்கே ஒருவர் பாக்கியில்லாமல் கொன்றுவிட்டார்கள். சூப்பர்மேன் தங்க கிரிப்டோனைட்டால் அவர்களின் சக்தியை எடுத்துவிடுகிறார். அதோடு சண்டை முடிந்தது. ஆனால் எப்படியாவது சக்தியைத் திரும்பப் பெற்று உன் பூமியையும் அழிப்போம் என்கிறார்கள். விசாரிக்கக் கோர்ட் இல்லை, அடைக்கச் சிறை இல்லை, கூப்பிட்டால் வர உயிருள்ள மனிதர் ஒருவர் இல்லை. அவர்களைக் கொல்லக்கூடிய பச்சை கிரிப்டோனைட்டை வெளியே எடுக்கிறார். அவர்கள் கெஞ்சுகிறார்கள். அவர் முகத்தைப் பாருங்கள் அந்தப் பக்கத்தில், கண்ணீர்.

அதன்பிறகு வந்த இதழ்கள் முக்கியம். குற்றவுணர்ச்சியில் மனம் பிளவுபட்டு, தானே அறியாமல் வேறு வேடத்தில் ஊரில் சுற்றுகிறார். தெரியவந்ததும், தன்னால் மனிதர்களுக்கு ஆபத்து என்று பூமியை விட்டே கிளம்பிப் போகிறார். 2013 படத்தில் சோட்டின் கழுத்தை முறித்ததைவிட எனக்கு இது பல மடங்கு கனமாகத் தெரிகிறது. படத்தில் ஒரு குடும்பம் எரியப் போகிற அந்த நொடி, வழக்காடி சொன்ன பிரிவு 38. இதழில் நடந்ததை எந்தப் பிரிவில் வைப்பது?

#12 வழக்காடி

சுவடி, நேர்மையாகச் சொன்னால் எந்தப் பிரிவிலும் வராது. சட்டம் என்பதே ஊர் இருந்தால்தான். ஊரே அழிந்த இடத்தில் அவர் செய்ததைக் கொலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை. கோதமுக்கு அது முன்னுதாரணம் ஆகாது என்பது மட்டும் நிச்சயம். கோதமில் ஜெயில் இருக்கிறது, ஜூரி இருக்கிறது.

#13 பழையபுத்தகக்கடை

2005-ல் வொண்டர் வுமன் 219-வது இதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்ஸ்வெல் லார்ட் என்ற வில்லன் சூப்பர்மேனின் மூளையைக் கைப்பற்றி ஆட்டிவைக்கிறான். உண்மைக் கயிற்றால் அவனைக் கட்டி, எப்படி நிறுத்துவது என்று கேட்கிறாள் டயானா, அதாவது வொண்டர் வுமன். கொல், வேறு வழியில்லை என்கிறான். பொய் சொல்ல முடியாத கயிறு. கழுத்தை முறிக்கிறாள். கையில் கட்டுண்டவன்தான், ஆனால் ஆபத்து இன்னும் தீரவில்லை. கோட்டோவியன் போட்ட கோட்டின் மேலேயே நிற்கிற கதை இது. என்னைக் கேட்டால் அவள் செய்தது சரி. கூட்டாளிகள் அவளை ஒதுக்கியதுதான் தப்பு.

#14 கோட்டோவியன்

நானும் டயானா பக்கம்தான் ஐயா. கட்டியிருந்தாலும் தாக்குதல் தொடர்கிறது என்றால் அது இன்னும் சண்டைதான்.

#15 தீப்பொறி

சரி, டயானா விஷயத்துல எல்லாரும் ஒத்துப்போறோம். அப்போ இதுக்கு பதில் சொல்லுங்க.

2001-ல ஜோக்கர்ஸ் லாஸ்ட் லாஃப். அப்போ ராபினா இருந்த டிம் செத்துட்டான்னு நம்பி, பேட்மேன் வளத்த முதல் ராபின் டிக், அதான் நைட்விங், ஜோக்கர அடிச்சே கொன்னுடறான். ஜோக்கர் செத்துட்டான். மூச்சு நின்னுபோச்சு. பேட்மேன் கொல்லல, யாரும் அவரக் கொல்லச் சொல்லல. அவரு என்ன செஞ்சாரு? குனிஞ்சு நெஞ்ச அழுத்தி, மூச்சு குடுத்து அவன உயிரோட எழுப்பறாரு. கொல்லக்கூடாதுங்கறது சரி. செத்தவன எழுப்பணும்னும் சட்டமா?

#16 மழைத்துளி

அவர் ஜோக்கருக்காக எழுப்பவில்லை, தீப்பொறி. டிக்குக்காக எழுப்பினார். எட்டு வயதிலோ பத்து வயதிலோ அப்பா அம்மா செத்துக் கிடப்பதைப் பார்த்து, தன் வீட்டில் வளர்ந்த பிள்ளை கொலைகாரனாக மீதி வாழ்க்கையைக் கழிக்க வேண்டாம் என்று.

#17 தீப்பொறி

டிக்குக்காகன்னா புரியுது அக்கா. நானும் அப்பாவா இருந்தா அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் ஜோக்கர் கையால செத்த ஒவ்வொருத்தரும் அந்த ஒரு பிள்ளையோட நிம்மதிக்காக செத்தவங்கதான். இதுல நான் இன்னும் மாறல. ரெட் ஹூட்ட மறுபடி எடுத்துப் படிக்கப்போறேன், நாளைக்கு ராத்திரி வரேன். வழக்காடி சார், ஜேசன் செஞ்ச கொலைங்களுக்கு அவன எந்தப் பிரிவுல பிடிப்பீங்கன்னு யோசிச்சு வையுங்க.